சிரிப்பு எந்த இடத்தில் நின்றது?

நகைச்சுவைத் தொடர் ஒன்று புதிதாக வந்ததும் அதைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களைப் படித்தால், பெரும்பாலானவை இரண்டு தீர்ப்புகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று, ‘சிரிப்பே வரவில்லை, செம மொக்கை.’ இன்னொன்று, ‘வயிறு வலிக்கச் சிரித்தேன்.’ இரண்டையும் நான் சந்தேகப்படவில்லை. சிரிப்பு வந்ததா இல்லையா என்பதில் யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைப் படித்து முடித்த பிறகும் அந்தத் தொடரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

மற்ற தொடர்களுக்கு இப்படி நடப்பதில்லை. ஒரு குற்றத் தொடர் சரியாக அமையவில்லை என்றால், கதை எங்கே தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று நாலு வரியாவது எழுதுகிறோம். ‘எனக்குப் பயம் வரவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு யாரும் எழுந்து போவதில்லை. காமெடிக்கு மட்டும் அந்த உழைப்பு வேண்டாம் என்று நினைக்கிறோம். சிரிப்பு தானாக வருவது, வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை, இதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நல்ல நகைச்சுவைக் காட்சியில் தானாக நடப்பது பார்ப்பவருடைய சிரிப்பு மட்டும்தான். அதற்கு முந்தைய ஒவ்வொரு நொடியையும் யாரோ உட்கார்ந்து யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கு எங்கே சரிந்தது என்று சொன்னால்தான் அது விமர்சனம்.

நான் சொல்வது விளங்க ஒரு காட்சியைப் பிரித்துப் பார்க்கலாம். 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான, ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ஒரு எபிசோடில் லூசியும் அவளுடைய தோழி எதெலும் சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஓடும் பட்டையில் சாக்லேட் வரும், ஒவ்வொன்றையும் எடுத்துக் காகிதம் சுற்றி வைக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நகைச்சுவை பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் காட்சி அது. இருவரும் சாக்லேட்டை வாயில் அடைத்துக்கொள்வதும் தொப்பிக்குள் ஒளிப்பதும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிரிப்பு அங்கே வெடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கான வேலை முன்பே முடிந்துவிட்டது.

முதலில் மேற்பார்வையாளர் வந்து ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போகிறார்: ஒரே ஒரு சாக்லேட் காகிதம் சுற்றாமல் அடுத்த அறைக்குப் போனாலும் வேலை போய்விடும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் சாக்லேட் தவறிப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒளித்து வைக்கவும் காரணமில்லை. அப்புறம் பட்டை மெதுவாக ஓடத் தொடங்குகிறது. இருவரும் ‘இவ்வளவுதானா’ என்று நிம்மதியாகிறார்கள். அந்த நிம்மதியும் தேவை, விழப்போகிறவர்களுக்கு முதலில் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். பிறகு வேகம் கூடுகிறது. மேற்பார்வையாளர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மிச்சமிருப்பதையெல்லாம் எப்படியாவது மறைத்துவிடுகிறார்கள். வந்தவர் பட்டையில் எதுவும் தேங்கி நிற்காததைப் பார்த்து, பிரமாதமாக வேலை செய்கிறீர்கள் என்று பாராட்டி, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். அவர்கள் செய்த தந்திரம் பலித்தது, பலித்ததனாலேயே மாட்டிக்கொண்டார்கள். முகத்தைக் கோணும் நடிப்பு மட்டும் இருந்திருந்தால் காட்சி அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். விதி, நிம்மதி, நெருக்கடி, தப்பித்ததால் வந்த இரட்டை நெருக்கடி என்று ஏறிக்கொண்டே போவதால்தான் அது நிற்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகினால், சிரிப்பு வராத காட்சியிலும் சொல்வதற்கு விஷயம் கிடைக்கும். விதியைச் சொல்ல மறந்துவிட்டார்களா? பாத்திரத்துக்கு இழக்க ஒன்றுமே இல்லையா? முடிவு வருவது முன்கூட்டியே தெரிந்துவிட்டதா? பஞ்ச் வசனம் விழுந்த பிறகும் அதை இன்னொரு பாத்திரம் விளக்கிக்கொண்டு நின்றதா? இந்தக் கடைசிக் குறை தொலைக்காட்சியில் மிக அதிகம். ஒரு நல்ல வரி விழும். உடனே பக்கத்தில் இருப்பவர், ‘என்னைக் கலாய்க்கிறியா?’ என்று கேட்பார். பார்ப்பவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் அது. அந்த ஒரு வரியை வெட்டினாலே காட்சி நிமிர்ந்துவிடும் என்று ஒரு விமர்சகர் எழுதினால், அதைப் படிக்கும் எழுத்தாளருக்கு நாளைக்கே பயன்படும். ‘அறுவை’ என்று எழுதினால் அவருக்கு வருத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

காட்சியைக் கட்டிய விதத்தைப் பார்க்காமல் அதில் போட்ட பொருட்களை மட்டும் பார்ப்பது விமர்சகர்களுக்கு இன்னொரு பொறி. ஒரு விடுதியில் நடக்கும் பிரிட்டிஷ் தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ இதற்குத் தெளிவான சாட்சி. 1974-இல் அதன் முதல் வசனப் பிரதியைப் படித்த பிபிசியின் பிரதி ஆசிரியர் ஒருவர், இதில் இருப்பதெல்லாம் புளித்துப்போன விஷயங்களும் வழக்கமான பாத்திரங்களும்தான், எடுத்தால் பேரழிவாகவே முடியும் என்று குறிப்பு எழுதினார். பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. சிடுசிடுக்கும் விடுதிக்காரர், அதட்டும் மனைவி, மொழி புரியாத பணியாள் எல்லாமே பழைய சரக்குதான். அதை எழுதிய ஜான் கிளீஸும் கோனி பூத்தும் அந்தப் பழைய சரக்கை வைத்து என்ன கட்டினார்கள் என்பதுதான் அவர் கண்ணில் படவில்லை. ஒரு சின்னப் பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதை மறைக்க மூன்றாவது என்று அரைமணி நேரத்துக்கு இறுகிக்கொண்டே போகும் கதைப்பின்னல் அவர்களுடையது. 1975-இலும் 1979-இலுமாக மொத்தமே 12 எபிசோடுகள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த நகைச்சுவைத் தொடர்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். எனவே ‘மாமியார் மருமகள் காமெடியா, மறுபடியுமா?’ என்று கேட்டு ஒரு தொடரை மூடி வைப்பது நியாயமில்லை. பழைய பாத்திரம் என்பது குறையே அல்ல. அந்தப் பாத்திரம் புதிதாக எதையும் செய்யவில்லை என்றால் அது குறை.

அடுத்து, சிரிப்பொலி. பின்னணியில் ஒலிக்கும் அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே சிலர் தொடரைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இங்கே பிரித்துப் பேச வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. ‘ஐ லவ் லூசி’ நிஜமான பார்வையாளர்கள் அமர்ந்திருக்க, மூன்று கேமராக்களை வைத்துப் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அதில் கேட்பது அங்கே இருந்தவர்களின் சிரிப்பு. அதே 1950களில்தான் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளைத் தட்டச்சுப் பொறி போன்ற விசைகளில் அடக்கிய இயந்திரத்தை உருவாக்கினார். எந்த விசையை அழுத்துகிறோமோ அந்த வகைச் சிரிப்பு வரும். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம், ஆனால் நடிப்பில் இரண்டும் விடும் தடம் வேறு.

இணையத்தில் ‘ஃபிரெண்ட்ஸ்’ போன்ற தொடர்களிலிருந்து சிரிப்பொலியை நீக்கி, ‘பாருங்கள், இதில் ஒன்றுமே இல்லை’ என்று காட்டும் துணுக்குகள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றை நான் நியாயமான விமர்சனமாக ஏற்க மாட்டேன். அந்த நடிகர்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொன்னவர்கள். சிரிப்பை அழித்துவிட்டு இடைவெளியை மட்டும் விட்டு வைத்தால், நடிகர்கள் காரணமில்லாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் தெரியும். டைமிங் இல்லை என்று காட்டுவதற்காக அவர்களுடைய டைமிங்கையே சிதைத்துவிட்டு எடுக்கும் பரீட்சை அது.

மறுபக்கம், சிரிப்பொலி உண்மையிலேயே ஒரு தொடரைக் கெடுத்த இடங்களும் உண்டு. போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ‘மேஷ்’ என்ற அமெரிக்கத் தொடரை (1972–1983) உருவாக்கியவர்கள் சிரிப்பொலியே வேண்டாம் என்றார்கள். தொலைக்காட்சி நிறுவனம் விடவில்லை. அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது என்று பேசி வாங்கினார்கள். பிரிட்டனில் பிபிசி அதே தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சிரிப்பொலி இல்லாத வடிவத்தில் கதாநாயகனின் கிண்டல்கள் களைத்துப்போன ஒரு மனிதன் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பேசுவதாகக் கேட்கும். சிரிப்பொலியோடு பார்க்கும்போது அதே வரிகள் மேடை ஜோக் ஆகிவிடுகின்றன. இங்கே விமர்சகர் ‘இந்த ஒலி வேண்டாம்’ என்று சொல்லலாம், காரணத்தோடு சொல்லலாம். இன்றைய போட்டி நிகழ்ச்சிகளில் நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை நொடிக்கொரு தரம் வெட்டிக் காட்டுகிறார்களே, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். மேடையில் பேசிக்கொண்டிருக்கும் கலைஞரின் முகம் வசனத்தின் உச்சத்தில் நமக்குத் தெரிவதே இல்லை. அப்போது நிகழ்ச்சி பலவீனமாக இருந்தால் பழி அந்தக் கலைஞர் மேல் விழுகிறது. அது படத்தொகுப்பின் குறை என்று எழுதுவதற்கு ஆள் வேண்டும்.

யாருடைய குறை என்று பார்த்து எழுதுவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். திரையில் தெரிகிறவர் நடிகர், அதனால் எல்லா அடியும் அவருக்கே. ‘இவருக்கு காமெடி வரவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வசனம் தட்டையாக இருந்ததா, இயக்குநர் கேமராவைத் தவறான முகத்தில் வைத்திருந்தாரா, விளம்பர இடைவேளைக்காகக் காட்சியைப் பாதியில் உடைத்தார்களா, பத்து நிமிடச் சரக்கை அரைமணிக்கு இழுக்கச் சொன்னது நிறுவனமா என்று கேட்பதில்லை. அரைமணி நேரத் தொடர் என்றால் பல நாடுகளில் விளம்பரம் போகக் கையில் இருப்பது சுமார் 22 நிமிடம். தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு எழுதுகிறவருக்கு மூன்றாவது திருத்தம் எழுதவே நேரம் இருக்காது. இதையெல்லாம் சொல்வது சலுகை காட்டுவதற்காக இல்லை. தினத்தொடரின் ஒரு எபிசோடையும் வருடத்துக்கு ஆறு எபிசோடுகள் மட்டும் எழுதும் தொடரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதற்காக. அப்புறம், நடிகரின் உடல், நிறம், வயது, குரல் இவற்றைக் கிண்டல் செய்து எழுதுவது விமர்சனத்தில் எந்த வகையிலும் சேராது. நடிப்பைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் எழுதுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

நேரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நகைச்சுவைத் தொடர்கள் காலூன்றி நிற்க மற்றவற்றைவிட அதிக நாள் எடுத்துக்கொள்கின்றன. பாத்திரத்தை நமக்குத் தெரிந்த பிறகுதான் அவர் ஒரு புருவத்தை உயர்த்தினாலும் சிரிப்போம். முதல் எபிசோடில் அந்தப் பழக்கம் கிடையாது. ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் முன்னோட்ட எபிசோட் 1989 ஜூலையில் வந்தபோது, அதற்கு முன் நடத்திய சோதனைத் திரையிடலில் அதற்குக் கிடைத்த மதிப்பீடு மோசம். நிறுவனம் மேற்கொண்டு நான்கே எபிசோடுகளுக்குத்தான் அனுமதி கொடுத்தது. 1998-இல் அதன் கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ‘பிளாக்ஆடர்’ என்ற பிரிட்டிஷ் தொடர். 1983-இல் வந்த முதல் வரிசையில் (சீசனில்) ரோவன் அட்கின்சன் நடித்த நாயகன் அசடு, அவனுடைய வேலைக்காரன் பால்ட்ரிக் அவனைவிட விவரமானவன். வெளிப்புறப் படப்பிடிப்பு, கோட்டை, குதிரை என்று செலவும் அதிகம். 1986-இல் இரண்டாவது வரிசை வந்தபோது பென் எல்டன் எழுத்தில் சேர்ந்திருந்தார். நாயகன் கூர்மையான நாக்குள்ளவனாகவும் பால்ட்ரிக் அசடாகவும் மாறியிருந்தார்கள். காட்சிகள் பெரும்பாலும் நாலு சுவர்களுக்குள் வந்துவிட்டன. அசடர்கள் நிறைந்த உலகத்தில் ஒரே ஒரு புத்திசாலி மாட்டிக்கொண்டு தவிப்பது என்ற அந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் தொடர் உயிர்பெற்றது. விமர்சனம் படித்துத்தான் மாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதல் வரிசையைப் பற்றி அன்றைக்கு ஒருவர் எழுதியிருக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே வரி ‘இதில் யார் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று மறுபடி யோசியுங்கள்’ என்பதாகத்தான் இருந்திருக்கும். ‘தி ஆபிஸ்’ தொடரின் அமெரிக்க வடிவமும் அப்படியே. 2005-இல் வந்த முதல் எபிசோட் பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய வரிக்கு வரி பின்பற்றியது. இரண்டாவது வரிசையில் மேலாளர் மைக்கேலுக்கு ஒரு திறமையைக் கொடுத்தார்கள்: அவர் எரிச்சலூட்டும் முதலாளி, ஆனால் நல்ல விற்பனையாளர். அது தெரிந்த பிறகு அவர் அசடு வழியும்போது நமக்குக் கொஞ்சம் பரிதாபமும் சேர்ந்து வந்தது.

சரி, அப்படியானால் எத்தனை எபிசோடுவரை பொறுத்திருப்பது? பார்வையாளருக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடலாம். எழுத உட்காருகிறவர் மட்டும் தான் எவ்வளவு பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் எபிசோடை மட்டும் பார்த்து எழுதினால், தொடர் எதை நோக்கிப் போக முயல்கிறது, அதற்கான பாத்திரங்கள் இருக்கின்றனவா என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘தேறாது’ என்ற சொல்லை அந்த வாரம் எழுத வேண்டாம்.

இனி, கடினமான பகுதி. யாரை வைத்துச் சிரிக்கிறோம்? தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. முதலில் நிற்பது எள்ளல், அதாவது கேலி. அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும் உண்டு, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதும் உண்டு என்று இரண்டாகப் பிரிக்கிறார். எள்ளப்படுகிறவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது நம் உரைமரபில் முன்பே இருக்கிறது. தொலைக்காட்சி காமெடியில் எள்ளப்படுகிறவருக்குப் பதில் சொல்ல ஒரு வரியாவது உண்டா என்று நான் பார்ப்பதற்கு இதுதான் அடிப்படை. பருமனான ஒருவர் வருகிறார், எல்லோரும் அவர் உடம்பைப் பற்றி ஜோக் அடிக்கிறார்கள், அவர் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போகிறார் என்றால் அவர் அங்கே பாத்திரமே இல்லை. அதைச் சொல்ல விமர்சகர் தயங்கக் கூடாது. அறத்தைப் பேசினால் நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்பார்களோ என்ற பயத்தில் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அங்கே எழுத்தும் சோம்பலாகத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டிவிட்டால் அந்தப் பயம் தேவைப்படாது.

ஆனால் ஒரு காட்சியில் வெறுப்புச் சொல் வந்துவிட்டது என்பதால் மட்டும் அந்தக் காட்சி வெறுப்பின் பக்கம் நிற்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ அமெரிக்கத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரம் கறுப்பின மக்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசும். அந்த மனப்பான்மையைக் கேலி செய்யத்தான் அவரைப் படைத்தார்கள். விட்மர், ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏற்கெனவே முன்முடிவுகள் அதிகம் உள்ள பார்வையாளர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள், விவாதத்தில் ஜெயிப்பது அவர்தான் என்று பார்க்கும் போக்கும் அவர்களிடமே அதிகம். ஒரே காட்சி, இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகச் சிரிக்க வைத்திருக்கிறது. 2020-இல் ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் ஒரு எபிசோட், அதில் வரும் முதிய மேஜர் பேசும் இனவெறிச் சொற்களுக்காக ஓர் இணையத் தளத்திலிருந்து சில நாள் நீக்கப்பட்டது. பிறகு எச்சரிக்கைக் குறிப்போடு திரும்பியது. நாங்கள் கேலி செய்தது மேஜரைத்தானே என்று கேட்டார் கிளீஸ்.

இப்படிப்பட்ட இடத்தில் நியாயமாக எழுதுவது என்றால் நோக்கத்தையும் விளைவையும் தனித்தனியாக எழுதுவதுதான் என்பது என் கருத்து. எழுதியவர்களின் குறி யார் மேல் என்பதைக் காட்சியிலிருந்தே காட்ட வேண்டும்: பேசியவர் மேல் கேமரா எப்படி நிற்கிறது, அடுத்தவர் முகம் என்ன சொல்கிறது, கதை கடைசியில் யாரைத் தலைகுனிய வைக்கிறது. அதன் பிறகு, அந்தக் குறி தப்பிப் போக வாய்ப்பு இருக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். நோக்கம் நல்லது என்று விளைவை மறைப்பதும், விளைவைக் காட்டி நோக்கத்தையே பொய் என்பதும் இரண்டுமே பாதி வேலை.

கடைசியாக, இதை எழுத்தில் எப்படிச் செய்வது என்று ஒரு கற்பனைத் தொடரை வைத்துக் காட்டுகிறேன். அலுவலகம் ஒன்று. மேலாளர் ஒரு ஊழியரின் பெயரை எப்போதும் தப்பாகவே சொல்வார். நாலாவது எபிசோடில் அது சலித்துவிட்டது. ‘ஒரே ஜோக்கை எத்தனை தடவை? மொக்கை’ என்று எழுதலாம். அல்லது இப்படி:

‘முதல் எபிசோடில் மேலாளர் மற்ற எல்லோருடைய பெயரையும், அவர்கள் பிள்ளைகளின் பெயரையும்கூடச் சரியாகச் சொல்லிவிட்டு, இந்த ஒருவரிடம் வந்ததும் தடுமாறினார். அதனால் அந்த ஊழியரின் முகம் வாடியது நமக்குத் தைத்தது, தைத்ததால் சிரித்தோம். நாலாவது எபிசோடில் அவர் எல்லோருடைய பெயரையும் மறக்கிறார். இப்போது அது மேலாளரின் மறதி மட்டும்தான், யாருக்கும் காயமில்லை. அந்த நடிகர் இன்னமும் முகத்தில் அந்த வாட்டத்தைக் கொண்டுவரப் பாடுபடுகிறார், வசனம்தான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. மேலாளர் ஒரு நாள் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி, அது வேறொருவரைக் கூப்பிட்டது என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்?’

கடைசிக் கேள்வியைப் பார்த்து, எழுத்தாளரின் வேலையை விமர்சகர் ஏன் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் அதைப் படிக்கும் எழுத்தாளருக்கு, அந்த ஜோக்கின் உயிர் அந்த ஊழியரின் காயத்தில்தான் இருந்தது என்பது புரிந்துவிடும். அதற்கு மருந்து அவர் வேறு கண்டுபிடித்துக்கொள்வார். படிக்கும் பார்வையாளரும், தனக்கு ஏன் சலித்தது என்பதை அடுத்த எபிசோடில் தானாகவே கவனிக்கத் தொடங்குவார்.